நிராகரிக்கப்பட்டதால் எரிந்துபோன மத்தேயு

கரவாஜியோவின் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், நான் நேரில் பார்த்தே இராத ஒன்றைத்தான் சொல்வேன். இனி யாரும் பார்க்கவும் முடியாது, 1945 மே மாதம் பெர்லினில் எரிந்துபோய்விட்டது. போருக்கு முன்னால் எடுத்த கருப்பு வெள்ளைப் புகைப்படங்கள்தான் மிச்சம். படத்தின் பெயர் 'புனித மத்தேயுவும் வானதூதரும்', 1602-ஐ ஒட்டி வரைந்தது. இதே தலைப்பில், இதே இடத்துக்காக, இதே ஆள் வரைந்த இன்னொரு படம் ரோமில் இன்றும் பத்திரமாக மாட்டியிருக்கிறது, தேடினால் முதலில் வந்து நிற்பதும் அதுதான். நான் சொல்லப்போவது அதற்கு முந்தையது.

கரவாஜியோவைத் தெரியாதவர்களுக்கு: 1571-ல் பிறந்து 1610-ல் இறந்த இத்தாலிய ஓவியர். இருட்டு அறையில் ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழ, தெருவில் பார்க்கிற மனிதர்களைப் புனிதர்களாக உட்காரவைத்து வரைந்தவர். பரோக் ஓவியம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இவரிடமிருந்து கிளம்பியது. கத்திச் சண்டை, கொலை, தலைமறைவு எல்லாமும் உண்டு, அதையெல்லாம் வேண்டிய மட்டும் எழுதித் தள்ளிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

சரி, படத்துக்கு வருவோம். மடக்கு நாற்காலி ஒன்றில் வயதான ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வழுக்கைத் தலை, தாடி, உழைத்துத் தடித்த கைகால்கள், முழங்காலுக்குக் கீழே துணி கிடையாது. இவர்தான் மத்தேயு, இயேசுவின் சீடர், அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்தியை எழுதியவர். மடியில் பெரிய புத்தகம் ஒன்று திறந்திருக்கிறது. புருவம் மேலே ஏறி நெற்றியெல்லாம் சுருங்கி, தன் கையிலிருந்து வருவதைத் தானே நம்ப முடியாதவர் மாதிரி அந்தப் பக்கத்தை முறைத்துக்கொண்டிருக்கிறார். அவரை ஒட்டி, சுருட்டை முடியும் மெல்லிய உடையுமாக வானதூதர் சாய்ந்து நிற்கிறார், இறக்கை இல்லையென்றால் பதினைந்து வயதுப் பிள்ளை என்றே நினைத்துக்கொள்ளலாம். தூதரின் விரல்கள் பெரியவரின் எழுதும் கைமேல் இருக்கின்றன. விஜயதசமியன்று குழந்தையை மடியில் வைத்து அரிசியில் கைபிடித்து 'அ' போடவைப்பார்களே, அதேதான். என்ன, இங்கே குழந்தைக்கு வழுக்கை விழுந்திருக்கிறது.

அப்புறம் அந்தக் கால். மேலே போட்ட காலின் பாதம் படத்தை விட்டு வெளியே வந்து நம் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருப்பது போல வரைந்திருக்கிறார். இந்தக் காலால்தான் இந்தப் படத்தின் தலையெழுத்தே மாறியது என்று ஒரு கதை உண்டு.

படத்தில் இருக்கும் மத்தேயுவைப் பார்த்தால் வாழ்நாளில் பேனா தொட்டவராகத் தெரியாது. நற்செய்தியில் வரும் மத்தேயு அப்படிப்பட்டவர் இல்லை. ஆயத்துறையில் உட்கார்ந்து வரி வசூலித்தவர், அதாவது எழுத்தும் கணக்கும்தான் அவருக்குச் சோறு போட்டது. எழுதப் படிக்கத் தெரியாத மீனவர்கள் சீடர்களாக இருந்த கூட்டத்தில் கணக்குப் புத்தகம் வைத்திருந்த ஒரே ஆள் என்றுகூடச் சொல்லலாம். இது கரவாஜியோவுக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஏனென்றால் இந்தப் படம் போகவேண்டிய அதே சிற்றாலயத்தின் இடப்பக்கச் சுவருக்கு, மேசையில் காசு எண்ணிக்கொண்டிருக்கும் மத்தேயுவை இயேசு கைநீட்டிக் கூப்பிடும் படத்தை அவர்தான் கொஞ்ச காலம் முன்பு வரைந்து முடித்திருந்தார். ஆகவே இந்தக் கிழவரின் திணறலை 'பாவம், படிக்காதவர்' என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எழுதத் தெரிந்த ஒருவருக்குத் தன்னுடையதல்லாத ஒன்றை எழுத நேரும்போது, இத்தனை நாள் பழகிய கை திடீரென்று பழகாத கையாகிவிடுகிறது. அதைத்தான் பார்க்கிறோம் என்று நினைக்கிறேன்.

இதற்கு ஆதரவாக ஒரு விஷயம் அந்தக் கருப்பு வெள்ளைப் படத்திலேயே இருக்கிறது. மடியிலுள்ள புத்தகத்தில் எழுதியிருப்பது ஏதோ கிறுக்கல் இல்லை, எபிரேய எழுத்து. இர்விங் லாவின் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாளர் 1974-ல் அதைப் படித்துக் காட்டினார், மத்தேயு நற்செய்தியின் தொடக்க வரிகள். மத்தேயு தன் நற்செய்தியை முதலில் எபிரேயத்தில்தான் எழுதினார் என்பது திருச்சபையில் வெகுகாலமாக இருந்த நம்பிக்கை. ஆக, மேம்போக்காக ஒரு தொழிலாளியை உட்காரவைத்து வரைந்த படமில்லை இது, யாரோ விவரம் தெரிந்தவரைக் கேட்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துப் போட்டிருக்கிறார்கள். லாவின் இன்னொன்றும் சொன்னார்: இந்த வழுக்கையும் சப்பை மூக்கும் பழைய சிலைகளில் சாக்ரடீஸுக்குக் கொடுத்த முகம். தனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய கிரேக்கக் கிழவர். எனக்கு இந்த ஒப்பீடு பிடித்திருக்கிறது, புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறுக்கவும் முடியவில்லை.

இந்தப் படம் யாருக்காக, எதற்காக என்ற கதை ஓவியரை விடப் பழையது. ரோமில் வசித்த பிரெஞ்சுக்காரர்களின் ஆலயம் சான் லூயிஜி தெய் பிரான்சேசி. அதில் ஒரு சிற்றாலயத்தை மத்தியூ குவாந்த்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1565-ல் வாங்கிவைத்தார். பின்னால் கர்தினால் ஆன இவரை இத்தாலியர்கள் கொந்தாரெல்லி என்றார்கள். தன் பெயர்கொண்ட புனிதருக்கு அதை அலங்கரிக்க வேண்டும் என்பது ஆசை. ஒருவரிடம் வேலையைக் கொடுத்தார், நடக்கவில்லை. 1585-ல் கர்தினாலே இறந்துபோனார். பிறகு அவருடைய உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் கைக்குப் போய் வருஷக்கணக்கில் இழுத்தது. கூரையில் மட்டும் சுவரோவியம் ஆகி, மற்றபடி சிற்றாலயம் மூடிக் கிடந்தது. ஆலயத்துக் குருக்கள் மேலிடம் வரை மனு போட்டார்கள். 1600 யூபிலி ஆண்டு, அதாவது திருச்சபையின் புனித ஆண்டு, ரோமுக்கு லட்சக்கணக்கில் யாத்ரீகர்கள் வருவார்கள், தங்கள் கோயிலில் ஒரு மூலை இப்படி அடைத்துக் கிடக்கிறதே என்று அவர்களுக்கு எரிச்சல் இருந்திருக்காதா? கடைசியில் 1599 ஜூலையில் பக்கச் சுவர்களுக்கு இரண்டு படங்கள், 400 ஸ்கூதி (அன்றைய ரோம நாணயம்) என்று கரவாஜியோவோடு ஒப்பந்தம் ஆனது. அடுத்த ஆண்டே முடித்துக் கொடுத்துவிட்டார். ஊரே திரண்டு வந்து பார்த்தது, ஆள் ஒரே நாளில் பெரிய ஆள்.

நடுவில் பீடத்துக்கு மேலே ஓவியம் வைப்பதாகவே இல்லை, சிலைதான் வருவதாக இருந்தது. யாக்கப் கோபார்ட் என்ற பிளெமிஷ் சிற்பியிடம் 1587-லேயே சொல்லியாகிவிட்டது. அவர் செதுக்கினார், செதுக்கினார், பதினைந்து வருடம் கழித்து 1602 ஜனவரியில் சிலையைக் கொண்டுவந்து நிறுத்தினார். பார்த்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தச் சிற்றாலயத்தில் வேண்டாம் என்று திருப்பிய முதல் மத்தேயு இந்தக் கல் மத்தேயுதான். கரவாஜியோ கதையைச் சொல்பவர்கள் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அந்தக் குருக்கள் ஒரு கலைஞரைப் பழிவாங்கவில்லை, தங்களுக்குச் சரிப்படாததைச் சரிப்படவில்லை என்று சொல்லும் பழக்கம் அவர்களிடம் இருந்தது, அவ்வளவுதான்.

அதே ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி கரவாஜியோவோடு புது ஒப்பந்தம், 150 ஸ்கூதி. மத்தேயு எழுத, வானதூதர் சொல்லச் சொல்ல என்பது போல இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வந்து சேர்ந்த படத்தில் தூதர் சொல்லவில்லை, கையைப் பிடித்து எழுதவைத்துக்கொண்டிருந்தார்.

எழுபது ஆண்டு கழித்து, 1672-ல் கரவாஜியோவின் வாழ்க்கையை எழுதிய பெல்லோரிதான் நிராகரிப்புக் கதையை விரிவாகச் சொல்கிறார். படம் குருக்களுக்குப் பிடிக்கவில்லை, கால்மேல் கால் போட்டுக்கொண்டு மக்கள் முகத்துக்கு நேரே பாதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த உருவத்தில் கண்ணியமும் இல்லை, புனிதரின் தோற்றமும் இல்லை என்று எடுத்துவிட்டார்கள், ஓவியர் நொந்துபோனார் என்பது அவர் தரும் விவரம். அவருக்கு முந்தி 1642-ல் எழுதிய பால்யோனே என்ற ஓவியரும் யாருக்கும் பிடிக்காத படம் என்றுதான் சொன்னார், ஆனால் பால்யோனே கரவாஜியோ மீது அவதூறு வழக்குப் போட்ட எதிரி என்பதால் அவர் வார்த்தையைக் கொஞ்சம் வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். சில ஆய்வாளர்கள் இந்தக் கதையையே சந்தேகிக்கிறார்கள். முதல் படம் சிறியது, இப்போதிருப்பது ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம், ஆகவே முதல் படம் இந்த ஒப்பந்தத்துக்கு முன்பே, சிலை வரும்வரை ஒப்புக்கு மாட்டிவைத்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த யாரும் ஒப்புக்கு வரைந்தது என்று சொல்ல மாட்டார்கள், நிராகரிப்பு நடந்திருக்கும் என்பதே என் பக்கம்.

இந்த இடத்தில்தான் வழக்கமாக எல்லாரும் ஒரு பாட்டுப் பாடுவார்கள்: மேதை ஒருபுறம், மேதையைப் புரிந்துகொள்ளாத மடச் சாமியார்கள் மறுபுறம். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. படம் இருக்கப்போகும் இடம் பீடத்துக்கு நேர் மேலே. குரு அங்கே நின்று திருப்பலி நிறைவேற்றுகிறார், அப்பத்தை எழுந்தேற்றம் செய்ய இரண்டு கைகளாலும் உயர்த்துகிறார், பின்னால் மண்டியிட்டிருப்பவர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பார்க்கிறார்கள், கைக்குக் கொஞ்சம் மேலே ஒரு ஆளுயரப் பாதம் அவர்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. தினமும். நானே அங்கே பங்குக்குருவாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். அதுவும் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563-ல் கோயில் படங்களில் ஒழுங்கீனமானது எதுவும் இருக்கக் கூடாது, ஆயர்கள் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டு ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. இதே குருக்கள் பக்கச் சுவரில் அரைநிர்வாணக் கொலைகாரன் நடுவில் நிற்கிற மத்தேயுவின் மரணத்தை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டவர்கள்தானே. அவர்கள் அத்தனை கூச்சப்பட்டவர்கள் இல்லை, பீடத்துக்கு மேலே என்பதுதான் விஷயம்.

பாதம் கரவாஜியோவுக்கு ஒரு பிடிவாதம் என்றும் சொல்ல வேண்டும். அங்கிருந்து நாலு தெரு தள்ளி சந்த் அகொஸ்தீனோ ஆலயத்தில் அவர் வரைந்த லொரேத்தோ மாதா படம் இருக்கிறது, மண்டியிட்ட யாத்ரீகரின் அழுக்குப் பாதங்கள் சரியாகப் பார்ப்பவர் கண்ணுக்கு நேரே. அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, இன்னும் அங்கேயே இருக்கிறது. சாமானிய சனங்கள் அதைப் பார்த்து ஒரே கூச்சல் போட்டார்கள் என்று அதே பால்யோனே எழுதுகிறார். யாத்ரீகரின் கால் அழுக்காக இருக்கலாம், நற்செய்தியாளரின் கால் கூடாது என்று யாரோ எங்கோ கோடு கிழித்திருக்கிறார்கள் போல.

சில மாதங்களில் கரவாஜியோ இரண்டாவது படத்தை வரைந்துவிட்டார், 1602 செப்டம்பரில் பணமும் வாங்கிவிட்டார். இதைச் சமரசம், வளைந்துகொடுத்தது என்று திட்டுபவர்கள் உண்டு. ஆலயத்தில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. (ஓரமாக ஒரு பெட்டி இருக்கும், காசு போட்டால் விளக்கு எரியும், நாம் நன்றாகப் பார்க்கத் தொடங்கும்போது அணையும். பக்கத்தில் நிற்பவர் போடுவார் என்று எல்லாரும் காத்திருப்பார்கள், நானும்தான்.) இப்போது மத்தேயு ஆரஞ்சுச் சிவப்பு அங்கியில், ஒடுங்கிய முகமும் தலைக்குப் பின்னால் மெல்லிய ஒளிவட்டமுமாக மரியாதைப்பட்ட பெரியவர். தூதர் தொடுவதே இல்லை, மேலே காற்றில் வெள்ளைத் துணி சுழல மிதந்தபடி விரல்விட்டு எண்ணிச் சொல்கிறார். ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான் என்று பதினான்கு பதினான்கு தலைமுறையாக மூன்று அடுக்கில் போகுமே அந்த வம்ச வரலாறு, அதை. ஆயக்காரருக்கு மறுபடியும் ஒரு பட்டியல் கிடைத்துவிட்டது. முட்டியை ஸ்டூல்மேல் ஊன்றி அவசரமாகத் திரும்பிப் பார்க்கிறார், அந்த ஸ்டூலின் ஒரு கால் தளத்தின் விளிம்பைத் தாண்டி நம் பக்கமாகச் சரிந்து நிற்கிறது, எந்த நொடியும் பீடத்துமேல் விழுந்துவிடும் போல. பாதத்தை எடு என்றார்கள், எடுத்துவிட்டு ஸ்டூலின் காலை வெளியே நீட்டிவிட்டார். குறும்பு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பீடத்துக்கு மேலே வைக்கிற படமாக இரண்டாவதுதான் சிறந்தது, தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது. ஆனால் ஒரு யோசனையாக முதல் படம்தான் துணிச்சலானது. கடவுள் வார்த்தை ஒரு மனிதனின் கைக்குள் வரும்போது அந்தக் கைக்கு என்ன ஆகும் என்று அது கேட்கிறது. இரண்டாவதில் அந்தக் கேள்வி இல்லை, காதுக்கு என்ன ஆகும் என்பதோடு நின்றுவிடுகிறது.

முதல் படத்தை வாங்கிக்கொண்டவர் வின்சென்சோ ஜுஸ்தினியானி, பெரும் பணக்காரர், வங்கிக் குடும்பம், கரவாஜியோவின் படங்கள் பத்துக்கும் மேல் சேர்த்துவைத்தவர். அவருடைய மாளிகை ஆலயத்துக்கு எதிரிலேயே. ஆக, விரட்டப்பட்ட மத்தேயு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனார். இருநூறு ஆண்டுகள் அந்தக் குடும்பத்திடம் சௌகரியமாகவே இருந்தார். பிறகு வாரிசுகளுக்குப் பணமுடை, சேகரிப்பு பாரிஸுக்கு விற்பனைக்குப் போனது, 1815-ல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களை மொத்தமாக வாங்கி பெர்லினுக்குக் கொண்டுபோனார். அவை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தன, 1904-லிருந்து கைசர் பிரீட்ரிக் அருங்காட்சியகம், இன்றைய போடே அருங்காட்சியகம்.

போர் வந்ததும் ஓவியங்களை பிரீட்ரிக்ஸ்ஹைன் பூங்காவில் கட்டியிருந்த விமான எதிர்ப்புக் கோபுரத்துக்குள் வைத்தார்கள். சுவர்கள் மீட்டர் கணக்கில் தடித்த கான்கிரீட், எந்தக் குண்டுக்கும் அசையாது. 1945 மார்ச்சில் நிலைமை முற்றியதும் முடிந்தவற்றை மெர்க்கர்ஸ் உப்புச் சுரங்கத்துக்கு லாரிகளில் அனுப்பினார்கள், தங்கிப்போனவற்றில் பெரும்பகுதி பெரிய படங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான மத்தேயு தங்கிவிட்டார். (அளவு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது, கரவாஜியோ வரைந்த ஃபில்லிதே என்ற பெண்ணின் சின்ன உருவப்படமும் அங்கேயேதான் எரிந்தது. ஒலிவ மலையில் இயேசு என்ற படமும் போனது, ஆக அவருடையவை மூன்று.) பெர்லின் மே 2-ஆம் தேதி சரணடைந்துவிட்டது. குண்டு போடுவதெல்லாம் நின்றுபோனது. கோபுரம் தீப்பிடித்தது அதற்குப் பிறகு, அந்த மாதமே இரண்டு முறை. யார் வைத்த தீ, எப்படிப் பற்றியது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள், ரூபென்ஸ், சிஞ்ஞொரெல்லி எல்லாம் சேர்த்து. பிறகு கோபுரத்தையே வெடிவைத்துத் தகர்த்து, நகரத்து இடிபாடுகளைக் கொட்டி மூடினார்கள். இன்று அது பூங்காவில் மரம் அடர்ந்த குன்று, சனங்கள் காலையில் ஓடப் போகிறார்கள்.

யோசித்தால் கடுப்பாக இருக்கிறது. குருக்கள் அந்தப் பாதத்தைச் சகித்துக்கொண்டிருந்தால் படம் ஜுஸ்தினியானி வீட்டுக்குப் போயிருக்காது, அங்கே போகாவிட்டால் பெர்லின் இல்லை. கோயிலில் ஏற்றுக்கொண்ட மூன்று படங்களும் நானூறு ஆண்டுகளாக அதே சுவரில் இருக்கின்றன. ஆனால் இதற்காக 1602-ன் குருக்களைக் குற்றம் சொல்வது அநியாயம், கான்கிரீட் கோபுரம் எல்லாம் அவர்கள் கனவிலும் வந்திருக்காது. அதே ஜுஸ்தினியானி சேகரிப்பிலிருந்து போன வெற்றிபெற்ற மன்மதன் படம் பெர்லினில் இன்றும் நன்றாக இருக்கிறது, சந்தேகப்படும் தோமா படம் பொட்ஸ்டாமில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நெட்டில் முதல் மத்தேயுவின் வண்ணப் படம் ஒன்று சுற்றுகிறது, சில இடங்களில் அதையே அசல் மாதிரிப் போடுகிறார்கள். அது கருப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் யாரோ பிறகு ஏற்றிய வண்ணம். பார்க்க மோசமில்லை, ஆனால் கரவாஜியோவிடம் வண்ணம் அலங்காரமாக வராது, எங்கே வெளிச்சம் விழுகிறதோ அங்கே எவ்வளவு விழ வேண்டும் என்ற கணக்கோடு வரும். அந்தக் கணக்கைப் பக்கத்து வீட்டுப் படத்தைப் பார்த்து நிரப்ப முடியாது. எனக்குச் சாம்பல் நிறமே போதும், அதில் எபிரேய எழுத்தும் தெரிகிறது, நெற்றிச் சுருக்கமும் தெரிகிறது. 2015-ல் போடே அருங்காட்சியகத்தில் காணாமல்போன படங்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள், அவர்களும் பழைய புகைப்படங்களை நம்பித்தான் அதைச் செய்தார்கள்.

ரோமுக்குப் போகிறவர்கள் சான் லூயிஜியோடு திரும்பிவிட வேண்டாம். மதியம் அதை மூடிவிடுவார்கள், நேரம் பார்த்துப் போங்கள், சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே தெற்கே நடந்தால் சந்தீஸ்ஸிமா திரினித்தா தெய் பெல்லெக்ரீனி என்ற ஆலயம் வரும். கோபார்டின் சிலை அங்கேதான் இருக்கிறது, பின்னால் வேறொரு சிற்பி ஒரு வானதூதரைச் செய்து பக்கத்தில் சேர்த்துவிட்டார். நான் போனபோது அதன் முன்னால் யாருமே இல்லை. விறைப்பான சிலைதான், குருக்கள் வேண்டாம் என்றது எனக்குப் புரிந்தது, ஆனால் வேண்டாம் என்று சொல்லப்பட்ட இரண்டு மத்தேயுக்களில் நேரில் போய்ப் பார்க்க முடிவது இது ஒன்றுதான்.